வீட்டுக்காரர் இல்லாத குடில்

"இந்த வீட்டுக்காரங்க எப்பம்மா வருவாங்க?"

என் மகள் ஹில்லா நான்கு வயதில் கேட்ட கேள்வி இது. கெலோவாரா குன்றின் மேலுள்ள குடிலுக்கு அவளை அன்றுதான் முதல்முறையாகச் சறுக்குப்பலகையில் வைத்து இழுத்துப் போயிருந்தேன். அடுப்பு மூட்டித் திரும்பிப் பார்த்தால், பலகைக் கட்டிலின் ஓரத்தில் காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கையுறைகள் இரண்டும் மடியில் இருந்தன. தெரியாதவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் எப்படி உட்கார வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேனோ, அப்படி.

"வர மாட்டாங்க. இதுக்கு வீட்டுக்காரங்களே கிடையாது. காட்டுல போற யாரும் தங்கலாம்."

"அப்ப நாம திருடங்களா?"

"இல்லடா கண்ணு. இன்னிக்கு ராத்திரி நாமதான் வீட்டுக்காரங்க."

அவள் உடனே காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அலமாரிகளை எல்லாம் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.

எட்டு வருடம் கழித்து அந்தக் கேள்வியைத்தான் நான் விளம்பரமாக்கினேன்.

எங்கள் ஊராட்சியின் சுற்றுலா அலுவலகத்தில் இரண்டே பேர். மேலாளர் யூஸோ, தெற்கிலிருந்து வந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல பிள்ளை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் என்று ஊரின் பெயரில் இருக்கும் பக்கங்கள் எல்லாம் என் பொறுப்பு. ஏரி, பனிமான், வடக்கு வானத்துப் பச்சை வெளிச்சம் என்று எல்லா ஊரும் போடுவதைத்தான் நாங்களும் போட்டுக்கொண்டிருந்தோம். யாரும் நின்று பார்க்கவில்லை. ஊரில் இருந்த ஒரே விடுதியும் மூடப்போவதாகப் பேச்சு.

அந்தச் செப்டம்பரில் கெலோவாராவுக்குப் போய் ஒரு காணொளி எடுத்தேன். பூட்டில்லாத கதவு, அடுப்பில் தீ, ஜன்னலுக்கு வெளியே செந்நிறமான காடு. மேலே எழுத்தில், "இந்த வீட்டுக்காரர்கள் எப்போது வருவார்கள்?" அடுத்து, "வரமாட்டார்கள். வீடு உங்களுடையது." முப்பது வினாடி. அவ்வளவுதான்.

புறப்படும்போது விறகு பிளந்து அடுத்தவருக்காக அடுப்போரப் பெட்டியில் அடுக்கிவைத்ததையும் எடுத்திருந்தேன். பன்னிரண்டு வினாடி. நீளம் அதிகமாகிறது என்று நானே வெட்டி எறிந்தேன். யூஸோ சொல்லவில்லை, நானேதான். இதைப் போய் யாருக்குச் சொல்வார்கள்? கதவைத் திறந்தவர் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா? குடிலில் தங்கினால் பெட்டியை நிரப்பிவிட்டுப் போவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் மூச்சு விடுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் இருபத்தொரு லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள்.

விடுதி மூடவில்லை. கடைக்காரர் கூடுதலாக ஓர் ஆளை வேலைக்கு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது போதகர் என்னைப் பார்த்து, "நான் இருபது வருஷமா ஜனங்களைக் கூப்பிடறேன் மெர்வி, நீ அரை நிமிஷத்துல கூப்பிட்டுட்டே" என்று சிரித்தார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

நவம்பரில் அண்ணன் ஓஸ்மோ வீட்டுக்கு வந்தார். அவருக்கு அறுபத்தொரு வயது. நூற்றுச் சொச்சம் பனிமான்கள் வைத்திருக்கிறார். எங்கள் ஊர் வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தார்.

"உன் இருபத்தொரு லட்சம் பேர்ல ஒருத்தனுக்குக்கூடக் கோடாலி பிடிக்கத் தெரியலையே, மெர்வி."

"என்னண்ணா ஆச்சு?"

"கெலோவாரா விறகுக் கொட்டகையில இப்போ காத்துதான் இருக்கு. அதை எரிச்சுப் பாத்தேன். எரியல."

"வனத்துறைக்காரங்க கொண்டுவந்து போடுவாங்கல்ல?"

"போடுவாங்க. போட்டா? முழுக் கட்டை. அதைப் பிளந்து உள்ள வெச்சிட்டுப் போகணும்னு வர்றவனுக்கு யாரு சொன்னா? வீடு உன்னுதுன்னுதானே சொல்லியிருக்கே. அவன் வீட்டு விறகை அவன் எரிச்சிட்டுப் போறான்."

அவர் கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னதால் பேச முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரைக் குடிலுக்கு அழைத்துப்போய் இரண்டாவது காணொளி எடுத்தேன். கட்டையை எப்படி நிறுத்துவது, எங்கே அடிப்பது, சட்டென்று தீப்பிடிக்கும் பிர்ச் மரப்பட்டையைச் சுருளாக உரித்து மேலே எப்படி வைப்பது என்று அவர் செய்து காட்டினார்.

"என் மூஞ்சி வந்துதுன்னா உன் ஃபோனை ஏரியில வீசிடுவேன்."

"கைதான் எடுக்கறேன்."

"கையை வேணும்னா எடுத்துக்கோ. அது நல்லாத்தான் இருக்கும்."

கடைசியில் தீப்பெட்டியை முக்கால்வாசி திறந்து, மூன்று குச்சிகளைத் தலை வெளியே நீட்டும்படி செருகி அடுப்பின் மேல் வைத்தார். எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் செய்வது. அந்நியருக்குப் புரியட்டும் என்று, "அது எதுக்குன்னு சொல்லுண்ணா" என்றேன்.

"குளிர்ல மரத்து விரல் வேலை செய்யாதவனுக்கு. மூடின பெட்டியை அவனால திறக்க முடியாது. விரல் வேலை செஞ்சா அவனே விறகு வெட்டிக்குவானே? அப்புறம் நாம எதுக்கு வெட்டி வைக்கறோம்?"

ஒன்றரை நிமிடம் வந்தது. யூஸோ பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார். "அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு தாத்தா கை ஒன்றரை நிமிஷம் விறகு வெட்டறதை யாரு பாப்பாங்க?"

"தாத்தான்னு அவர் காதுல விழுந்தா அடுத்த கட்டை நீங்கதான்."

யூஸோ சொன்னதுதான் நடந்தது. நாற்பத்தொரு லைக். அதில் ஒன்று என்னுடையது, ஒன்று யூஸோவுடையது. பழைய காணொளி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஜனவரியில் வனத்துறை இன்னொரு சுமை கட்டைகளைக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கியது. நான் சமாதானமாகிவிட்டேன். சமாதானமாவது சுலபம்.

மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை, அண்ணன் மூஸ்தா ஏரிக்கு அப்பால் தன் பனிமான்களைத் தேடிப் போனார். நடுப்பகலில் பனிப்புயல் வந்தது. இரண்டு மணிக்கு அண்ணி பிர்க்கோவின் ஃபோனில் அவர் குரல் அரைகுறையாகக் கேட்டதாம். உறைந்த ஏரியின் மேல் கிடந்த பனிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. அவருடைய பனி வண்டி அதில் இறங்கிவிட்டது. அவர் இடுப்புவரை நனைந்துவிட்டார். கெலோவாராவுக்கு நடக்கிறேன் என்று சொல்லும்போதே சத்தம் அறுந்துவிட்டது.

மீட்புக் குழுவின் இரண்டு வண்டிகள் கிளம்பிப்போய், எதிரே தங்கள் கையே தெரியாமல் திரும்பி வந்தன. ஹெலிகாப்டர் எழும்ப முடியவில்லை. காற்று தணியும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகத்துக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அண்ணி வீட்டிலும் இருக்க முடியவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு எதிரேதான் எங்கள் அலுவலகம். வண்டிகள் கிளம்பினால் ஜன்னலில் தெரியும். கை பழக்கத்தில் கணினியைத் திறந்தது. பழைய காணொளியின் கீழே, பத்து நாள் முன்பு யாரோ எழுதியிருந்தார்கள்: "குடில் அற்புதம். ஆனால் உள்ளே விறகு இல்லை, கட்டைகள் பனியில் உறைந்துகிடந்தன. பெஞ்சை உடைத்து எரித்தோம்." பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று.

ஈர உடை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி குளிர். மரத்துப்போன பத்து விரல்கள். காலிப் பெட்டி.

அண்ணன் பாதி வழியிலேயே விழுந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மனிதர் நடந்துவிடுவார். கதவைத் திறந்து உள்ளேயும் போய்விடுவார். போனபின் அவர் குனிந்து பார்க்கப்போகிற பெட்டிதான் என் கண்முன் நின்றது.

யூஸோ காப்பி கொண்டுவந்து வைத்தார். திரையைப் படித்தார்.

"அக்கா, அந்தப் படத்தைப் பக்கத்துலேர்ந்து எடுத்துடட்டுமா?"

"எடுத்தா பெட்டியில விறகு வந்துடுமா?"

நான் கைகளைக் கோத்துக்கொண்டேன். அலுவலகத்தில் அப்படிச் செய்வது வழக்கமில்லை. கர்த்தரே, நான் விட்ட பன்னிரண்டு வினாடிக்கு என் அண்ணனை வாங்கிக்கொள்ளாதேயும் என்று கேட்டேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது, தேவாலயத்துக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே போகிற யூஸோ, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இன்றுவரை அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை. ஆனால் அந்த மனிதர் என்ன சொன்னாலும் அன்றிலிருந்து எனக்குக் கோபம் வருவதில்லை.

பதினொன்றரைக்குக் காற்று தணிந்தது.

"குடிலுக்குக் குறுக்குப்பாதை எனக்குத் தெரியும்" என்று தீயணைப்பு நிலையத்து வாசலில் போய் நின்றேன். குழுத் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க என்ன பாக்க நேரும்னு தெரியுமாம்மா?"

"தெரியும். அதனாலதான் வரேன்."

அவர் தன் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தேன். கடைசி ஏற்றத்தில் வண்டி வேகம் குறைந்தது. அவர் கையை நீட்டினார். நான் பார்க்கவில்லை. என் முழங்காலைத் தட்டி மறுபடியும் நீட்டினார்.

பைன் மரங்களுக்கு மேலே நேராக, மெல்லிசாக, புகை.

வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடி, இடுப்பளவு பனியில் இரண்டுமுறை விழுந்து, கதவைத் திறந்தேன். அண்ணன் கம்பளி உள்ளுடையோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கரிபிடித்த பாத்திரத்திலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்து" என்றார். "சூடு போகுது."

நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. அவர் காப்பிக் குவளையைச் சிந்தாமல் ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சரி, சரி. போதும். இவ்வளவு பேர் எதுக்கு வந்திருக்கீங்க? என்னைத் தூக்கிட்டுப் போகவா?"

"அப்படித்தான் நினைச்சு வந்தோம்" என்றார் குழுத் தலைவர். "சவப்பெட்டிக்கு அளவுகூட எடுத்தாச்சு."

"அப்ப வீண் செலவு."

கால்விரல்களைப் பரிசோதித்தார்கள். இரண்டின் நுனி வெளுத்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது. பிறகு இருவர் வெளியே போய் ஊருக்குச் செய்தி சொன்னார்கள். அண்ணி திட்டிய திட்டு வானொலிக் கருவி வழியாகக் குடிலுக்குள்ளேயே கேட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அதை முழுவதும் கேட்டார், நல்ல பாட்டைக் கேட்பதுபோல.

"எப்படிண்ணா தீ மூட்டினே?" என்று கேட்டேன். "பெட்டியில..."

"பெட்டியைப் பாரு."

பார்த்தேன். ராத்திரி முழுக்க எரித்தும் பாதிக்குமேல் இருந்தது. ஆனால் அப்படியொரு விறகை நான் பார்த்ததே இல்லை. ஒன்று என் தொடை கனம், ஒன்று பென்சில் கனம். எல்லாவற்றிலும் நாலைந்து தப்பு வெட்டு. சில துண்டுகளை நடுவில் கடித்துத் துப்பியதுபோல் இருந்தது.

"கோடாலியால வெட்டலை" என்றார் அண்ணன். "திட்டித் திட்டியே உடைச்சிருக்காங்க."

"யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா அடுப்புக்குள்ளேயே சிறு விறகு அடுக்கி, மேல பட்டைச் சுருளை வெச்சிருந்தாங்க. தீப்பெட்டி திறந்திருந்துது. மூணு குச்சி வெளிய நீட்டிக்கிட்டு." அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "பல்லால பிடிச்சுத்தான் ஒண்ணை எடுத்தேன். மூணாவதுதான் பத்திச்சு."

மேசையில் வருகைப் பதிவேடு இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். சனிக்கிழமை தேதி. ஆங்கிலத்தில், வட்ட வட்டமான கையெழுத்து. அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது, நான் வாசித்துச் சொன்னேன்.

"நாங்கள் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் வேலை பார்க்கும் இரண்டு செவிலியர்கள். வந்தபோது பெட்டி காலி. முதலில் மிகவும் கோபம் வந்தது. பிறகு, அந்தக் கைகள் வருகிற காணொளியை லோட்டே நினைவுபடுத்தினாள். அதில் கண்டபடியே செய்து பார்த்தோம். நான்கு மணிநேரம் ஆயிற்று. விறகு அசிங்கமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். அடுத்து வருபவருக்கு எங்கள் அன்பு. அந்தக் கைகளுக்கு உரியவருக்கு எங்கள் நன்றி. - லோட்டே, இனேஸ்."

அண்ணன் அடுப்புக் கதவைத் திறந்து ஒரு துண்டைப் போட்டார். கடித்துத் துப்பியதுபோல் இருந்தவற்றில் ஒன்று. அது பிடித்து எரிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணி நேரமா? இதுக்கா?"

"ஆமா."

அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, "கையெல்லாம் கொப்புளிச்சிருக்கும்" என்றார்.

நாற்பத்தொரு லைக்கில் ஒன்று லோட்டேயினுடையது. அன்று மாலையே பட்டியலில் அவள் பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு வரி எழுதினால் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும். அண்ணனிடம் கேட்டேன்.

"எழுதாத" என்றார். "எழுதினா நீ படம் போடுவே. படம் போட்டா இருபது லட்சம் பேர் பாப்பாங்க. அவங்க இருபது லட்சம் பேருக்காக வெட்டலை."

"நன்றியாவது சொல்ல வேண்டாமா?"

"அது என் பாடு."

நான் எழுதவில்லை. பழைய காணொளியை மட்டும் எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று செய்தோம். யூஸோவே உட்கார்ந்து வெட்டி ஒட்டினார். தொடக்கத்திலேயே காலிப் பெட்டி வரும், முடிவில் நிறைந்த பெட்டி வரும். நடுவில்தான் செந்நிறக் காடு. முப்பது வினாடியைத் தாண்டி எண்பத்தாறு வினாடி போனது. பழையதோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு பேர்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள். விடுதி நடக்கிறது.

ஏப்ரல் கடைசியில், பகல் நீண்டு, பனியின் மேல்தோல் காலையில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும் நாட்களில், ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கெலோவாராவுக்குச் சறுக்கிப் போனேன். முதுகுப்பையில் நல்ல கோடாலி. கொட்டகையில் கிடக்கும் கட்டைகளில் என்னால் ஆன அளவு பிளந்துவைக்கலாம் என்று எண்ணம். வழியில் வேறு சறுக்குத்தடம் இல்லை. ஏரிப் பக்கத்திலிருந்து மட்டும் பழைய வண்டித்தடம் ஒன்று, பாரம் இழுத்த பலகையின் ஆழமான கோடுகளோடு, குடில்வரை வந்து திரும்பிப் போயிருந்தது. ஒருமுறை வந்த தடமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் பலமுறை.

கொட்டகைக் கதவைத் திறந்தேன். தரையிலிருந்து கூரைவரை பிர்ச் விறகு. பட்டை மேலே பார்க்க, முனைகள் நூல் பிடித்ததுபோல் ஒரே வரிசையில். ஊரில் இப்படி அடுக்குகிறவர் ஒருவர்தான். ஆனால் அண்ணன் தன் வீட்டுக்கு விறகு பிளந்தால் ஒரு கட்டையை நாலாகப் பிளப்பார், அதோடு சரி. அதற்குமேல் பிளப்பவர்களைச் சோம்பேறிகளுக்கு வேலை செய்கிறவர்கள் என்று கேலி பண்ணுவார். இங்கே அடுக்கியிருந்தது அத்தனையும் விரல் கனத்துக்கு, பன்னிரண்டாகவும் பதினாறாகவும் பிளந்தது. கோடாலியைத் தொட்டே இராதவர்கூட, அப்படியே எடுத்து அடுப்பில் வைத்துவிடலாம். எத்தனை நாள் வந்து வெட்டினாரோ தெரியாது. கதவருகே பனியில் காப்பித்தூளைக் கொட்டிய கறுப்பு வட்டங்களை எண்ணினேன். ஒன்பது.

உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்பது நாளில் எந்த நாளுக்கும் அவர் பெயர் இல்லை.

பையிலிருந்த கோடாலியை வெளியே எடுக்க அவசியம் வரவில்லை. வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வந்த தடத்திலேயே இறங்கிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் காப்பி குடிக்கும்போது, எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.